என்னைக் குற்றவாளி ஆக்குங்கள்!

அத்தியாயம் 5

"நான்தான் குத்தவாளி. அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

வந்த மனிதர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இப்படிச் சொன்னார். நான் கடித்துக்கொண்டிருந்த டோனட்டைக் கீழே வைத்தேன். டோனட்டைப் பாதியில் வைப்பது என் பரம்பரையிலேயே கிடையாது.

"பாஸ், இத்தனை வருஷமா நாமதான் வீணா அலைஞ்சிருக்கோம். குத்தவாளிங்க படியேறி வந்து, ஃபீஸையும் கட்டறாங்க" என்றேன்.

"கோல்பி, வாயை மூடு" என்றார் ஜூன் ட்ரெக்ஸ்லர்.

அவர்தான் துப்பறிபவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி; சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. நான் கோல்பி ரஃப்னர், அவருடைய உதவியாளன், ஓட்டுநர், மாடிப்படியில் மூச்சு வாங்குபவன். ஷேல் ரன் ஊரின் பௌலிங் கூடத்துக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே யாராவது உருட்டிய பந்து எல்லாக் கட்டைகளையும் சாய்த்தால் எங்கள் மேஜையும் சேர்ந்து குலுங்கும்.

வந்தவர் எல்வுட் கூன்ஸ். பள்ளிப் பேருந்துகளுக்கு இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டைக் காலம் தொடங்கவிருந்ததால், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்க ஊரே ஆரஞ்சுத் தொப்பியில் திரிந்தது. எல்வுட் தன் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"போயர் தீவனக் கடை விஷயமா?" என்றார் ஜூன்.

எல்வுட் தலையாட்டினார். ஊரில் அந்த விஷயம் தெரியாதவர் இல்லை. அக்டோபரில் ஒரு மாலை, முகமூடி போட்ட ஒருவன் கடைக்குள் புகுந்து கல்லாவைத் திறக்கச் சொன்னான். கடைக்கார அம்மாள் நடீன் கல்லாவுக்குக் கீழிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டாள். திருடன் பின்வாசல் வழியே ஓடிவிட்டான். குண்டு பட்டுக் கிடந்தவர் அவள் கணவர் க்ளென். அன்றிலிருந்து அவர் கண் திறக்கவில்லை. பரிதாபமான விபத்து என்று ஷெரீஃப் முடித்துவிட்டார்.

"அந்தத் துப்பாக்கியைப் பாகம் பாகமா சேர்த்துக் கட்டிக் குடுத்தது நான்தான்" என்று சொல்லி எல்வுட் ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். "போலீஸ் சோதனை பண்ணிட்டு நடீன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. அவ இதைத் தொட மாட்டேன்னு எங்கிட்டத் தந்துட்டா."

துப்பாக்கி வெளியே வந்தது. குண்டுகள் இல்லை, மேல்பகுதி பின்னுக்கு இழுத்துப் பூட்டியிருந்தது. அதன் முதுகில் தபால்தலை அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள் பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை எதன்மேல் வைக்கிறோமோ குண்டு அங்கே போகும். போகவேண்டும்.

"எப்படிக் கட்டினீங்க?" என்று ஜூன் கேட்டதும் எல்வுட்டின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இந்த ஊர் ஆண்களிடம் மனைவியைப் பற்றிக் கேட்டால் ஒரு வரி பதில் வரும், துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

"உள்கூடு மட்டும்தான் புதுசு. சட்டப்படி துப்பாக்கின்னா அதுதான், நம்பர் அதுலதான் இருக்கு. மத்ததெல்லாம் கழட்டி மாட்டற சமாச்சாரம். பிடி, தள்ளுபடி விலையில கிடைச்சது. மேல்பாதி, குண்டு வெளிய வர்ற குழாய், பேரல், அதோட சேர்த்து, பக்கத்துக் கவுன்டி போலீஸ் பழசுன்னு வித்தது. ஜோடியா எடுத்தா மலிவுன்னாங்க. புள்ளிக் கண்ணாடியும் அப்படித்தான், யாரோ கீறல் போட்டு வித்த ஜோடி. கடையில புதுசா வாங்கற விலையில பாதிகூட ஆகல."

"ஜோடின்னா இன்னொண்ணு எங்க?"

எல்வுட் தொப்பியைப் பார்த்தார். "எம் பையன் கர்ட்கிட்ட இருக்கு. அதை விடுங்க. இதைப் பாருங்க."

விரலால் அந்தக் கண்ணாடியைத் தொட்டார். விழப்போகும் பால்பல் போல அது ஆடியது.

"ஸ்க்ரூலயும் மிச்சம் பிடிச்சேன். டப்பால கிடந்த பழசைப் போட்டு முறுக்கிட்டேன். சுட்ட அதிர்ச்சியில கழண்டிருக்கு, புள்ளி எங்கயோ காட்டியிருக்கு. நடீன் மேல தப்பே இல்ல. அவ ஆஸ்பத்திரில புருஷன் ரூம் வாசல்லயே உக்காந்திருக்கா. உள்ள போகமாட்டேங்கறா. சுட்ட கையால அவரை எப்படித் தொடறதுங்கறா. நீங்க ஊர்ல பேர் உள்ளவங்க. தப்பு எல்வுட்மேலதான்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஷெரீஃபுக்கு வேணாம். நடீன் படிச்சா போதும்."

கீழே பந்து உருண்டு கட்டைகள் சாய்ந்தன. மேஜை குலுங்கியது, கண்ணாடியும் குலுங்கியது.

"கட்டின இடத்தைப் பார்க்கணும்" என்றார் ஜூன்.

*

எல்வுட்டின் மனைவி மார்லா கதவைத் திறந்து என் உருவத்தைப் பார்த்தவுடனேயே அடுப்பை மூட்டிவிட்டார். இப்படிப்பட்ட பெண்களால்தான் உலகம் இன்னும் சுற்றுகிறது. வெண்ணெயில் வெங்காயத்தோடு வதங்கிய பியரோகி வந்தது. உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த எங்கள் ஊர்க் கொழுக்கட்டை. பரிமாறிய கையின் நகங்கள் கரும்பச்சை. பிலடெல்பியா ஃபுட்பால் அணியின் நிறம். சீசன் முடியும்வரை மார்லாவின் நகம் நிறம் மாறாது என்பது தேவாலயத்துக்கே தெரியும்.

ஜூன் தட்டைத் தொடவில்லை. கராஜில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தட்டோடு பின்னால் போனேன்.

அங்கே இருந்த எல்லாவற்றிலும் பச்சைக் கோடு. புல்வெட்டியின் போல்ட்டில், பனி தள்ளும் இயந்திரத்தில், ஏணியில், ஏன், காபி மெஷினின் கைப்பிடியில்கூட. ஸ்க்ரூவின் தலையில் தொடங்கி இயந்திரத்தின் உடம்புவரை இழுத்த சின்னக் கோடு. ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். துப்பாக்கிக்காரர்கள் இதற்கென்று ஒரு பெயின்ட் பேனா வைத்திருப்பார்கள். எல்வுட் அதிலும் சிக்கனம்.

"என் நெயில் பாலிஷ்தான்!" என்றார் மார்லா வாசலில் நின்று. "ஞாயித்துக்கிழமை மேட்ச் அன்னைக்கு பாட்டிலத் திறந்தா அடியில ரெண்டு சொட்டு இருக்கும். மீதி பூரா புல்வெட்டி பூசிக்கிட்டிருக்கும். கட்டிக்கிட்டவளைவிட அதுக்குத்தான் அலங்காரம்."

"ஸ்க்ரூ வாங்கறதுலயும் சிக்கனம்தானா?" என்று ஜூன் சாதாரணமாகக் கேட்டார்.

"இவரா? என் கல்யாண மோதிரத்துல மிச்சம் பிடிச்சாரு. தேனிலவுக்கு ஸ்கூல் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனாரு. ஆனா ஸ்க்ரூல மட்டும் பிடிக்கமாட்டாரு. 'கண்ணாடில கீறல் இருந்தா கண்ணு பழகிக்கும், மட்டமான ஸ்க்ரூவுக்கு எதுவும் பழகாது'ன்னு கர்ட் குழந்தையா இருந்தப்பவே பாடம் எடுத்தவரு!"

எல்வுட் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மார்லா சிரிப்பை நிறுத்திக்கொண்டு, என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் உள்ளே போனார்.

"காபி மெஷினுக்கே கோடு போட்டிருக்கீங்க" என்றார் ஜூன். "துப்பாக்கிக்கு மட்டும் ஏன் போடல?"

"மறந்துட்டேன்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. ஜூன் வாயிலிருந்த பல்குச்சியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளினார். எனக்கு அந்தச் சைகை தெரியும். என் சம்பள உயர்வைக் கேட்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். நம்பவில்லை என்று அர்த்தம்.

வண்டியில் ஏறியதும் சொன்னேன்: "பாஸ், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கே. செய்யாத தப்பை யாராவது இவ்வளவு அவசரமா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க. அதைவிடப் பெரிசு ஒண்ணு பின்னாடி இருந்தா."

*

ஆஸ்பத்திரி நடையில் நடீன் போயர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். எதிரில் மூடிய கதவு, அதற்குள்தான் க்ளென். நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே ஒருவர் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. நகங்களைக் கடித்துத் துப்பியிருந்தாள். கடித்தது போக நுனிகளில் பவழ நிறப் பாலிஷ் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கொண்டுபோயிருந்த ஜோக்குகளையெல்லாம் ஜேபியிலேயே வைத்துக்கொண்டேன்.

"நர்ஸுங்க தினமும் கூப்பிடறாங்க, உள்ள வந்து பேசுங்க, காதுல விழும்னு" என்றாள். "என்னன்னு பேசட்டும்? 'க்ளென், நான்தான் சுட்டேன், சீக்கிரம் எழுந்திரு'ன்னா?"

"அன்னைக்கு புள்ளியைப் பார்த்தீங்களா?" என்றார் ஜூன்.

"நல்லாப் பார்த்தேன். அவன் தோள்மேல இருந்துச்சு. அவன் ஓட்ஸ் மூட்டைங்களுக்கு முன்னாடி நின்னான், கை ஜாக்கெட் ஜேபில. க்ளென் மண்வெட்டியோட தராசு பக்கத்துலருந்து பாய்ஞ்சு வந்தாரு. நான் அழுத்தினேன். தகரக் கூரை தலைமேல விழுந்த மாதிரி ஒரே சத்தம். பார்த்தா க்ளென் கீழ கிடக்காரு. புள்ளி தோள்மேலதான் இருந்துச்சு, ஜூன். தராசு அந்தப் பக்கம். குண்டு எப்படி அங்க போச்சுன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன். என் கை நடுங்கியிருக்கும். வேற என்ன?"

"முதல்ல யாரு உள்ள வந்தா?"

"கர்ட். எல்வுட் பையன். ஆம்புலன்ஸ்ல தொண்டு செய்யறவன்தானே, சத்தம் கேட்டு முன்வாசல் வழியா ஓடிவந்தான். கையில துப்பாக்கியை வெச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். அவன்தான் பிடுங்கி, பின்னாடி ரூமுக்குக் கொண்டுபோய், கழட்டிப் பத்திரம் பண்ணிட்டு வந்தான். அப்புறம் க்ளெனோட காயத்தை அழுத்திப் பிடிச்சான். அவன் இல்லன்னா க்ளென் அங்கயே போயிருப்பாரு." நாற்காலிக்குக் கீழே இருந்த காகிதக் கோப்பையைக் காட்டினாள். "தினமும் எனக்குக் காபி கொண்டுவரான். நல்ல பையன்."

ஜூன் எழுந்தார். ஏதோ நினைவு வந்தவர்போல நின்று, "எல்வுட் உங்க துப்பாக்கி ஸ்க்ரூவுக்குக் கோடு போட்டாரா, ஞாபகம் இருக்கா?" என்றார்.

நடீனின் உதட்டில் ஒரு நொடி சிரிப்பு வந்து போனது. "போட்டாரே. மார்லாவோட பச்சையைத் தூக்கிட்டு வந்தாரு. என் கடைத் துப்பாக்கிக்குப் பச்சையான்னு சண்டை போட்டு என் பாட்டிலை குடுத்தேன். இதே கலர்." விரல்களை விரித்தாள். உடனே அந்த விரல்களைப் பார்க்கப் பிடிக்காமல் மடக்கிக்கொண்டாள்.

கடைச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

*

கடை அன்றிலிருந்து மூடியே கிடந்தது. தானிய வாசனை, தூசி, எலிகள். என்னைக் கண்டு ஒன்றுகூட ஓடவில்லை. உறவுக்காரன் என்று நினைத்திருக்கும்.

ஜூன் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று, பல்குச்சியைத் துப்பாக்கியாக நீட்டினார். "நீதான் திருடன். ஓட்ஸ் மூட்டைக்கு முன்னாடி நில்லு."

"திருடனைவிட நான் ரெண்டு மடங்கு அகலம், பாஸ். கணக்கு தப்பிடும்."

"நில்லு."

நின்றேன். பல்குச்சி என் தோளைக் குறிபார்த்தது. பிறகு அவர் வந்து என்னைத் தள்ளிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் இருந்த மூட்டையைத் தடவினார். சாக்கில் ஒரு ஓட்டை. அதற்குக் கீழே தரையில் ஓட்ஸ் ஒரு சிறு குவியலாகக் கொட்டியிருந்தது.

"எலி" என்றேன்.

"காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுக் கடிக்கற எலியா?"

அடுத்து நடந்ததை நான் விவரமாகச் சொல்லப்போவதில்லை. மூட்டைக்குள் தோள்வரை கையைவிட்டுத் துழாவுவது உதவியாளனின் வேலை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. தும்மித் தும்மி, இரண்டாவது மூட்டையின் அடியில் விரலில் இடறியது. செம்பு நிறத்தில் நசுங்கிய ஒரு கட்டி.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தபடி நின்றேன். நடீன் சுட்டது ஒரு குண்டு. அது இங்கே என் கையில் இருக்கிறது. அப்படியானால் க்ளெனின் உடம்பிலிருந்து எடுத்தது யாருடையது?

"ஒரே சத்தம்னு சொன்னாளே" என்றேன்.

"தகரக் கூரைக்கடியில ரெண்டு பேர் ஒரே நொடியில சுட்டா ஒரே சத்தம்தான். அவன் ஜேபிக்குள்ளருந்தே சுட்டிருக்கான், க்ளென் பாய்ஞ்ச பதட்டத்துல. காலித் தோட்டாவும் ஜேபிலயே தங்கிடுச்சு. தரையில கிடைச்சது ஒண்ணுதான், அதனால சுட்டதும் ஒருத்திதான்னு எழுதிட்டாங்க."

"ஆனா பாஸ், க்ளென் மேல பட்ட குண்டு இந்தத் துப்பாக்கியோட பேரல்லருந்துதான் வந்துச்சுன்னு, குண்டுமேல பேரல் போட்ட கீறலை வெச்சு சோதனையில சொல்லிட்டாங்களே! நம்பரும் நடீனோடதுதானே!"

ஜூன் பதில் சொல்லாமல் வண்டிக்கு நடந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து, எல்வுட் கொடுத்த துப்பாக்கியை மடியில் வைத்து, கண்ணாடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பழைய டப்பா ஸ்க்ரூவா? புத்தம்புதிது, நல்ல கம்பெனிச் சரக்கு. தலைகளின் மேல் ஒரு புள்ளி சாயமில்லை, பளிச்சென்று துடைத்திருந்தது. ஜூன் வாயிலிருந்து பல்குச்சியை எடுத்து, ஸ்க்ரூ தலையின் நட்சத்திரப் பள்ளத்துக்குள் விட்டு நெம்பினார். என் டோனட் சுற்றிய வெள்ளைக் காகிதத்தில் ஒரு துணுக்கு விழுந்தது.

பச்சை.

"இதுல என்ன அதிசயம்? அவர் வீட்டுல எல்லாமே பச்சை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். "நடீனோடது பவழ நிறம்."

"நம்பர் எதுல இருக்கு, கோல்பி?"

"உள்கூட்டுல."

"பேரல்?"

"மேல்பாதியில. அப்ப மேல்பாதி வேற துப்பாக்கியோடது. ஜோடியில இன்னொண்ணு. கர்ட்டோடது."

"ஒரு லீவரைத் தட்டினா மேல்பாதி கையோட வந்துடும். பின்னாடி ரூமுக்குப் போனவன், தன்னோடதைக் கழட்டி இதுல மாட்டிட்டான், இதோடதைத் தன்னோடதுல மாட்டிக்கிட்டான். எல்லாரும் நம்பரைப் பார்த்தாங்க. நம்பர் நகரவே இல்லையே."

"அப்ப முகமூடி?"

"பின்வாசல்ல ஓடினவனும் முன்வாசல்ல வந்தவனும் ஒருத்தன்தான். அப்பா எதையும் ஜோடியா வாங்கற சிக்கனக்காரர்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைப்பேன். அன்று ஒன்றும் வரவில்லை. அந்தப் பச்சைத் துணுக்கை எலி தின்றிருக்கக்கூடாதா என்றுகூட நினைத்தேன். கண்டுபிடித்ததற்காக வெட்கப்பட்டது என் தொழிலில் அன்று ஒருநாள்தான்.

*

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், எல்வுட் தன் பிக்கப் வண்டிக்குள் எங்களுக்காகக் காத்திருந்தார். ஜூன் பக்கத்து சீட்டில் ஏறினார். நான் திறந்த கதவருகே நின்றேன்.

"எழுதிட்டீங்களா?" என்றார் எல்வுட் ஆவலாக.

ஜூன் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். எழுத்து எதுவும் இல்லை. நடுவில் பச்சைத் துணுக்கு மட்டும்.

எல்வுட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதாடுவார், கோபப்படுவார், யாரோ மாற்றிவிட்டார்கள் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நல்லாத்தானே துடைச்சேன்?"

"பள்ளத்துக்குள்ள துடைக்கல."

"உங்களுக்குத் தெரியும்!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். "முன்னாடியே தெரியும்!"

"பையைத் திறந்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றார். "நடீனோடதுல எப்படிப் பச்சை வரும்? உடனே போய் கர்ட்டோட வண்டியைத் துழாவினேன். சீட்டுக்கடியில இருந்துச்சு. மேல பவழக் கலர்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதுகுல அடிபட்டப்ப டாக்டர் வலி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அப்புறம் டாக்டர் நிறுத்திட்டாரு, இவன் நிறுத்தல. கல்லாவை மட்டும் தூக்கிட்டு ஓடிடலாம்னு போயிருக்கான். க்ளென் மேல அவனுக்கு உசிரு. க்ளென்தான் அவனுக்கு மீன் பிடிக்கக் கத்துக் குடுத்தாரு."

"கேட்டீங்களா அவனை?"

"இல்ல. கேட்டா சொல்லிடுவான். சொல்லிட்டா எனக்குத் தெரியாதுன்னு நான் இருக்கமுடியாது."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்த மனிதர் முழுதாகவே ஆடிக்கொண்டிருந்தார். பாலிஷைத் துடைத்ததும், ஸ்க்ரூவைத் தளர்த்தியதும், ஊரில் நல்ல பெயர் எடுத்த தன் கைவேலையைத் தானே மட்டமென்று சொன்னதும் எதற்காக என்று இப்போது விளங்கியது. அவரைக் கேலி செய்ததை நினைத்து என் காது சூடானது.

"பழியை நீங்க ஏத்துக்கிட்டா கர்ட் தப்பிச்சுடுவான், நடீனும் நிம்மதியாயிடுவா. அதானே கணக்கு?" என்றார் ஜூன். குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "கர்ட் தப்பிப்பான். நடீன் எப்படித் தப்பிப்பா, எல்வுட்? கண்ணாடி ஆடினாலும் அழுத்தினது அவ விரல்தானே? புருஷனைச் சுட்டவ புருஷனைச் சுட்டவளாவே இருப்பா. நீங்க ஒரு சமாதானம் எழுதி வாங்கிக் குடுப்பீங்க, அவ்வளவுதான். இது உங்களுக்குத் தோணலையா?"

எல்வுட் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்தார்.

"தோணிச்சு" என்றார். "தோணினதைத் தள்ளித் தள்ளி வெச்சேன்."

"ஷெரீஃப்கிட்ட நான் போகணுமா, நீங்க போறீங்களா?"

"நான் போறேன். கர்ட்டைக் கூட்டிட்டு நானே போறேன்." கதவைத் திறந்தார். இறங்கி, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நின்றார். "முதல்ல அவகிட்டச் சொல்லணும்."

நடையில் நடீன் அதே நாற்காலியில் இருந்தாள். எல்வுட்டைப் பார்த்ததும் இடம் ஒதுக்கினாள். அவர் உட்காரவில்லை. அவள் முன்னால் தரையில் முழங்காலிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நானும் ஜூனும் கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாயருகே நின்றோம். அங்கிருந்து போய்விட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"நீ சுடல, நடீன்."

"எல்வுட், வேணாம். கோல்பி, கூட்டிட்டுப் போங்க இவரை..."

"உன் குண்டு ஓட்ஸ் மூட்டையில இருந்துச்சு. இவங்க எடுத்துட்டாங்க. புள்ளி சரியாத்தான் காட்டுச்சு. உன் கையும் நடுங்கல. க்ளெனைச் சுட்டது வேற ஆளு. எம் மகன்."

அவள் முதலில் ஜூனைப் பார்த்தாள். ஜூன் தலையசைத்தார். நடீனின் வாயிலிருந்து வந்த சத்தம் அழுகையா மூச்சா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, நெற்றி எல்வுட்டின் தோளில் விழுந்தது. அவர் அவள் முதுகைத் தடவினார். அந்த நேரத்தில் அவள் அவரை மன்னித்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். கர்ட்டைக்கூட ஒருநாள் மன்னிப்பாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஒரு பொய் போதும். இன்றைக்குத்தான், இப்போதுதான், ஜூன் சொல்லித்தான் என்றால் போதும். நாங்கள் இருவரும் வாயைத் திறந்திருக்கமாட்டோம். எல்வுட்டும் அதை யோசித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நீ பையைக் குடுத்த அன்னைக்கே" என்றார்.

நடீன் மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே போகாமல் வாசலில் உட்கார்ந்து கழித்த நாட்களை அவள் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிறகு எல்வுட்டின் பிடியிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய், கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். "க்ளென்" என்று கூப்பிட்ட குரல் வெளியே கேட்டது.

கதவு மூடியது. எல்வுட் முழங்காலிலேயே இருந்தார்.